செவியுள் ஒலிப்பான்களின் ஒலித்தர ஒப்பீடு

செவியுள் ஒலிப்பான் (இன்-இயர் மானிட்டர், சுருக்கமாக ஐ.இ.எம்.) என்பது செவிக்குழாயின் வாயிலை அடைத்துக்கொண்டு, அதனுள் நேரடியாக ஒலியைச் செலுத்தும் சிறிய ஒலிக்கருவி ஆகும். மேடையில் பாடுவோரும் இசைக்கருவி வாசிப்போரும் தமது இசையைத் தாமே தெளிவாகக் கேட்பதற்காக இக்கருவி பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் இசை ஆர்வலர்களிடையேயும் பரவியது. மிக மலிவானவை முதல் பல ஆயிரம் அமெரிக்க டாலர் விலையுள்ளவை வரை செவியுள் ஒலிப்பான்கள் விற்கப்படுகின்றன.

இவற்றுள் எது சிறந்த ஒலியைத் தருகிறது என்று ஒப்பிடுவது எளிய செயல் போலத் தோன்றும். ஆனால் ஒரே ஒலிப்பான் இருவர் காதுகளில் இருவேறு விதமாக ஒலிக்கக்கூடும். சிறிதளவு கூடுதலான ஒலியளவு கூடுதலான தரமாக உணரப்படக்கூடும். விலையையும் பெயரையும் முன்னரே அறிந்திருப்பது கேட்பவரின் தீர்ப்பை மாற்றக்கூடும். எனவே முறையான ஒப்பீட்டிற்குச் சில நிபந்தனைகள் தேவைப்படுகின்றன. அவை நிறைவேறாதபோது ஒப்பிடப்படுவது ஒலிப்பான்கள் அல்ல. அவை அணியப்பட்ட விதமும் கேட்கப்பட்ட சூழலுமே ஆகும்.

வரைவிலக்கணமும் வகைகளும்

காதுமடலின் குழியில் தொங்கும் சாதாரணக் காதொலிப்பான் (இயர்பட்) செவிக்குழாயை அடைப்பதில்லை. செவியுள் ஒலிப்பான் சிலிக்கோன் அல்லது நுரைப்பஞ்சால் ஆன ஒரு முனை (டிப்) வழியாகக் குழாயினுள் பொருந்தி, வெளிக்காற்றிலிருந்து அதனைப் பிரிக்கிறது. இந்த அடைப்பே இக்கருவியின் அடிப்படைப் பண்பு ஆகும். இதனால் இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. ஒன்று, புறஇரைச்சல் குறைகிறது. இரண்டு, அடைபட்ட சிறிய காற்றறையில் மிகச் சிறிய ஒலியியக்கியாலும் ஆழமான தாழ்வொலியை (பேஸ்) உருவாக்க முடிகிறது.

பொருந்தும் முறையைக் கொண்டு இவை இரு வகைப்படும்:

* பொது வகை: மாற்றத்தக்க முனைகளுடன் எவரும் அணியக்கூடியது.
* தனிப்பயன் வகை: ஒருவரின் காதில் அச்சு எடுத்து, அவருக்காக மட்டும் வார்க்கப்படுவது. பிறர் இதனைப் பயன்படுத்த இயலாது என்பதால் ஒப்பீட்டிற்கு உட்படுத்துவது கடினம்.

வரலாறு

செவியுள் ஒலிப்பானின் தொழில்நுட்பம் காதுகேட்புக் கருவிகளிலிருந்து வந்தது. அதன் முக்கிய உறுப்பான சமநிலைத் தண்டு ஒலியியக்கி (பேலன்ஸ்டு ஆர்மெச்சர்) அதனினும் பழமையானது. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்டுவின் 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கடற்படைக்கு வழங்கிய தலையணிக் கேட்பொறிகளில் இத்தத்துவம் பயன்படுத்தப்பட்டது. 1946இல் தொடங்கப்பட்ட நோல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் காதுகேட்புக் கருவிகளுக்கான மிகச் சிறிய ஒலியியக்கிகளைத் தயாரித்தது. உயர்விலைச் செவியுள் ஒலிப்பான்கள் பலவற்றின் உள்ளே இருப்பவை இந்நிறுவனத்தின் ஒலியியக்கிகளோ, டென்மார்க்கைச் சேர்ந்த சோனியன் நிறுவனத்தின் ஒலியியக்கிகளோ ஆகும்.

செவியியல் ஆய்வாளரான மீட் கில்லியன் 1983இல் இல்லினாய் மாநிலத்தில் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஈ.ஆர்-4, இசை கேட்பதற்கென உருவான உயர்தரச் செவியுள் ஒலிப்பான்களுக்கு முன்னோடி ஆயிற்று. திறந்த காதில் செவிப்பறையை வந்தடையும் ஒலியை, அடைபட்ட காதிலும் அவ்வாறே வழங்குவது அதன் வடிவமைப்பு நோக்கம் ஆகும்.

வான் ஹேலன் இசைக்குழுவின் மேடை ஒலிப்பொறியாளராக இருந்த ஜெர்ரி ஹார்வி, அக்குழுவின் முரசுக் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செவியுள் ஒலிப்பான் ஒன்றை உருவாக்கினார். இம்முயற்சியிலிருந்து 1995இல் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது. 2008இல் அதனை லாஜிடெக் நிறுவனம் வாங்கியது. மேடைத் தரையில் வைக்கப்படும் ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று மிஞ்சி ஒலித்ததால் கலைஞர்களின் செவித்திறன் பாதிப்புக்கு உள்ளாகி வந்தது. புறஒலியைத் தடுத்துக் குறைந்த ஒலியளவில் கேட்க உதவியதே செவியுள் ஒலிப்பான் மேடைகளில் நிலைபெறக் காரணம் ஆகும்.

2010களின் பிற்பகுதியிலிருந்து சீன நிறுவனங்கள் பெருமளவில் இத்துறையில் நுழைந்தன. அவற்றின் வருகையால், முன்னர் உயர்விலைக் கருவிகளில் மட்டும் கிடைத்த ஒலிச்சமநிலை மலிவான கருவிகளிலும் கிடைக்கலாயிற்று.

ஒலியியக்கிகள்

மின்குறிகையை ஒலியாக மாற்றும் உறுப்பு ஒலியியக்கி (டிரைவர்) எனப்படும். செவியுள் ஒலிப்பான்களில் பின்வரும் வகைகள் காணப்படுகின்றன:

* இயங்குசுருள் ஒலியியக்கி: காந்தப்புலத்தில் உள்ள கம்பிச்சுருள் ஒரு மென்படலத்தை அசைக்கிறது. பெரிய ஒலிபெருக்கிகளில் உள்ளதும் இதே தத்துவம் ஆகும். பெரும்பாலும் 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை விட்டம் உடையது.
* சமநிலைத் தண்டு ஒலியியக்கி: இரு காந்தங்களுக்கு நடுவே சமநிலையில் நிற்கும் மெல்லிய உலோக நாக்கு, சுருளில் பாயும் மின்னோட்டத்தால் அசைந்து, ஊசி போன்ற தண்டின் வழியே படலத்தை இயக்குகிறது. மிகச் சிறியது, குறைந்த மின்திறனில் உரத்து ஒலிக்கும்.
* தளக்காந்த ஒலியியக்கி: மின்கடத்தி பதிக்கப்பட்ட தட்டையான படலம் காந்த வரிசைகளுக்கு இடையே அசைகிறது.
* நிலைமின் ஒலியியக்கி: மின்னழுத்த வேறுபாட்டால் படலம் அசைகிறது. பொதுவாக மிக உயர்ந்த அதிர்வெண்களுக்கு மட்டும் பயன்படுத்தப்படுகிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளைக் கொண்டவை கலப்பு வகை எனப்படும். பல ஒலியியக்கிகள் உள்ளபோது, ஒவ்வொன்றிற்கும் உரிய அதிர்வெண் பகுதியைப் பிரித்தளிக்க ஒரு பிரிப்புச் சுற்று (கிராஸ்ஓவர்) தேவைப்படுகிறது.

ஒலியியக்கிகளின் எண்ணிக்கை விளம்பரங்களில் முதலிடம் பெறுவது வழக்கம். எனினும் எண்ணிக்கைக்கும் தரத்திற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பிரிப்புச் சுற்றுக்கு அருகிலுள்ள அதிர்வெண்களில் இரண்டு ஒலியியக்கிகளின் ஒலி அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தவும் கூடும், அழிக்கவும் கூடும். ஒரே ஒலியியக்கி கொண்ட கருவிக்கு இச்சிக்கல் இல்லை. ஆனால் அது முழு அதிர்வெண் எல்லையையும் தானே ஈடுகட்ட வேண்டும்.

செவிக்குழாயின் பங்கு

மனிதச் செவிக்குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமுடையது. ஒரு முனை திறந்தும், மறுமுனை செவிப்பறையால் மூடியும் உள்ள குழாயில் கால் அலைநீள ஒத்ததிர்வு ஏற்படும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் எனக் கொண்டால், அந்த அதிர்வெண் 343 ÷ (4 × 0.025), அதாவது ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸ் ஆகும். காதுமடலின் குழியும் இதனுடன் சேர்வதால், உண்மைக் காதில் இது 3,000 ஹெர்ட்ஸுக்கு அருகே அமைகிறது. இப்பகுதியில் ஒலி, செவிப்பறையை அடையும்போது 10 டெசிபெலுக்கும் மேலாக வலுப்பெறுகிறது. மனித மூளை பிறப்பிலிருந்தே இந்த வலுவூட்டலுக்குப் பழகியுள்ளது.

செவியுள் ஒலிப்பானை அணிந்தவுடன் குழாயின் திறந்த முனை மூடப்படுகிறது. இயற்கையான வலுவூட்டல் மறைகிறது. எனவே, ஒலிப்பானே அந்த 3,000 ஹெர்ட்ஸ் மேட்டைச் செயற்கையாக உருவாக்கித் தர வேண்டும். இதனைக் குறைவாகத் தரும் கருவியில் குரல்கள் பின்வாங்கி மந்தமாகவும், மிகையாகத் தரும் கருவியில் கூச்சலாகவும் ஒலிக்கும். கருவியின் ஒலியை நேர்க்கோடாக அளந்தால் அது இயற்கையாக ஒலிக்காது என்பதற்கும் காரணம் இதுவே.

இரு முனைகளும் மூடிய குழாயில் அரை அலைநீள ஒத்ததிர்வு தோன்றுகிறது. ஒலிப்பானின் முனைக்கும் செவிப்பறைக்கும் இடைவெளி 20 மில்லிமீட்டர் எனில், அது 343 ÷ (2 × 0.020), அதாவது ஏறத்தாழ 8,600 ஹெர்ட்ஸில் அமையும். 15 மில்லிமீட்டராகக் குறைந்தால் 11,400 ஹெர்ட்ஸுக்கு நகரும். ஆகவே ஒலிப்பானை 5 மில்லிமீட்டர் ஆழமாகச் செருகுவதே உயரொலியின் (டிரெபிள்) தன்மையை மாற்றப் போதுமானது. ஒருவருக்குக் கூர்மையாகக் குத்தும் அதே கருவி மற்றொருவருக்கு இதமாக ஒலிப்பதன் முதன்மைக் காரணங்களுள் இது ஒன்றாகும்.

அதிர்வெண் பகுதிகள்

ஒலித்தரத்தை விவரிக்கும் சொற்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட அதிர்வெண் பகுதிகளின் மிகுதியையோ குறைவையோ சுட்டுகின்றன. எல்லைகள் தோராயமானவை.

* 20 – 60 ஹெர்ட்ஸ் (ஆழ்தாழ்வொலி): கேட்பதைவிட உணரப்படும் உறுமல்.
* 60 – 250 ஹெர்ட்ஸ் (தாழ்வொலி): முரசு, பேஸ் கிதார் ஆகியவற்றின் உடல். மிகுந்தால் இசை மூடுண்டு கேட்கும். குறைந்தால் மெலிந்து கேட்கும்.
* 250 – 2,000 ஹெர்ட்ஸ் (இடையொலி): குரல்களின் நிறைவு.
* 2,000 – 5,000 ஹெர்ட்ஸ் (மேல் இடையொலி): சொற்தெளிவு. காது மிகக் கூர்மையாக உணரும் பகுதி.
* 5,000 – 10,000 ஹெர்ட்ஸ் (உயரொலி): சகர ஒலிகளும் தாளத்தட்டுகளும். மிகுந்தால் 'ஸ்' ஒலி சீறும்.
* 10,000 – 20,000 ஹெர்ட்ஸ் (மேல் உயரொலி): 'காற்றோட்டம்' எனப்படும் உணர்வு. வயது கூடக்கூட இப்பகுதி கேட்பது குறையும்.

பழக்கமான ஒரு கருவியைக் கொண்டு இப்பகுதிகளை அறியலாம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் 'தொம்' என்ற ஒலி தாழ்வொலிப் பகுதியையும், வலந்தலையின் கூர்மையான அடிகள் இடையொலி, உயரொலிப் பகுதிகளையும் வெளிப்படுத்துகின்றன. ஒரு ஒலிப்பானில் தொப்பி வலந்தலையை மூழ்கடித்தால் தாழ்வொலி மிகுந்துள்ளது எனக் கொள்ளலாம்.

அளவீடு

செவியுள் ஒலிப்பானின் ஒலி, அதிர்வெண் துலங்கல் என்னும் வளைகோடாகப் பதிவு செய்யப்படுகிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் கருவி எவ்வளவு உரத்து ஒலிக்கிறது என்பதை இது காட்டும். இதனை அளக்க, மனிதக் காதின் ஒலியியல் பண்புகளைப் போலச் செய்யும் உலோக இணைப்பி பயன்படுகிறது. 1981இல் ஐ.இ.சி. 711 என்ற எண்ணில் வெளிவந்த தரநிலை, பின்னர் ஐ.இ.சி. 60318-4 என எண் மாற்றம் பெற்றது. இவ்விணைப்பியின் அளவீடு ஏறத்தாழ 10,000 ஹெர்ட்ஸ் வரையே காதை ஒத்தது. அதற்கு மேற்பட்ட பகுதியில் இணைப்பியின் சொந்த ஒத்ததிர்வு வளைகோட்டில் கலந்துவிடும். டென்மார்க்கின் புரூல் அண்டு கேயர் நிறுவனத்தின் 5128 என்ற செயற்கைத் தலை, உண்மைக் காதின் வடிவத்தையும் பண்பையும் மேலும் நெருக்கமாகப் பின்பற்றுகிறது.

வெவ்வேறு அளவீட்டுக் கருவிகளில் எடுக்கப்பட்ட இரண்டு வளைகோடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுதல் கூடாது. ஒரே கருவியில், ஒரே செருகல் ஆழத்தில் எடுத்தவற்றை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இலக்கு வளைகோடுகள்

'நல்ல' துலங்கல் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு இரு அணுகுமுறைகள் உள்ளன.

முதலாவது, அளவீட்டு வழி. எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக ஒலி வரும் அறையில் (பரவல்புலம்) செவிப்பறையில் ஏற்படும் துலங்கலை அளந்து, அதனையே இலக்காகக் கொள்வது. எட்டிமோட்டிக் ஈ.ஆர்-4 இவ்வழியைச் சார்ந்தது.

இரண்டாவது, விருப்ப வழி. ஹார்மன் இன்டர்நேஷனல் நிறுவனத்தைச் சேர்ந்த ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி ஆகியோரும் அவர்களின் குழுவினரும் 2010களில் பல கேட்போரைக் கொண்டு சோதனைகள் நடத்தினர். நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியின் ஒலியை ஒத்த, தாழ்வொலி ஓரளவு உயர்த்தப்பட்ட சமநிலையையே பெரும்பாலோர் விரும்பினர். இது ஹார்மன் இலக்கு எனப்படுகிறது. 2017இல் இக்குழு 30 செவியுள் ஒலிப்பான்களை ஆராய்ந்து, துலங்கல் வளைகோட்டைக் கொண்டே கேட்போரின் விருப்பத்தைப் பெருமளவு முன்கூட்டிக் கணிக்கலாம் எனக் காட்டியது.

இந்த இலக்கு எல்லோருக்கும் பொருந்துவது அன்று. தலையணிக் கேட்பொறிகளைக் கொண்டு 2018இல் அதே குழு வெளியிட்ட ஆய்வில், கேட்போரில் ஏறத்தாழ 64% பேர் இலக்கை ஒட்டிய ஒலியையும், 15% பேர் அதனினும் கூடுதலான தாழ்வொலியையும், 21% பேர் குறைவான தாழ்வொலியையும் விரும்பினர். ஆகவே இலக்கிலிருந்து விலகிய கருவி குறைபாடுடையது என்று உடனே முடிவு செய்தல் தவறு. அது எத்திசையில் விலகியுள்ளது, அத்திசை கேட்பவரின் விருப்பத்தோடு ஒத்துப்போகிறதா என்பனவே பயனுள்ள கேள்விகள் ஆகும்.

முறையான ஒப்பீட்டிற்கான நிபந்தனைகள்

1. அடைப்பு

முனை செவிக்குழாயில் முழுமையாகப் பொருந்தாவிடில் தாழ்வொலி கசிந்து வெளியேறும். மிகச் சிறிய இடைவெளியும் ஆழ்தாழ்வொலியைப் பல டெசிபெல் குறைக்கும். 'தாழ்வொலியே இல்லை' என்று ஒரு கருவியைப் பற்றிக் கூறப்படும்போது, முதலில் ஐயுற வேண்டியது கருவியை அன்று, முனையின் அளவை. இடக்காதும் வலக்காதும் ஒரே அளவினவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டிற்கும் வெவ்வேறு அளவு முனைகள் தேவைப்படலாம். ஒப்பிடப்படும் ஒவ்வொரு கருவிக்கும் பொருத்தமான முனையைத் தேர்ந்தெடுத்த பின்னரே ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

2. சம ஒலியளவு

ஒரே இசை சற்று உரத்து ஒலிக்கும்போது கேட்பவர் அதனைப் பெரும்பாலும் 'உரத்தது' என்று உணராமல் 'தெளிவானது', 'செறிவானது' என்று உணர்கிறார். 1 டெசிபெல் என்பது ஒலியழுத்தத்தில் ஏறத்தாழ 12% வேறுபாடு மட்டுமே. எனினும் தீர்ப்பை மாற்ற அது போதும். மேலும், குறைந்த ஒலியளவில் காது தாழ்வொலியைக் குறைவாக உணர்கிறது. 1933இல் ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் இதனை விளக்கின. ஆகவே ஒலியளவு வேறுபட்டால் ஒலிச்சமநிலையும் வேறுபட்டதாகத் தோன்றும். இரு கருவிகளின் ஒலியளவையும் இணைப்பியில் அளந்து, சில பத்தில் ஒரு பங்கு டெசிபெலுக்குள் சமன் செய்வது நன்று. கருவியின் உணர்திறன் வேறுபடுவதால், ஒலியளவுக் குமிழை ஒரே இடத்தில் வைத்தல் சமன் செய்தல் ஆகாது.

3. மூலக்கருவியின் மின்மறுப்பு

சமநிலைத் தண்டு ஒலியியக்கிகளைக் கொண்ட கருவிகளின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறும். இசையை வழங்கும் மூலக்கருவிக்கும் ஒரு வெளியீட்டு மின்மறுப்பு உண்டு. இவையிரண்டும் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

எடுத்துக்காட்டாக, ஓர் ஒலிப்பானின் மின்மறுப்பு ஓர் அதிர்வெண்ணில் 8 ஓம், மற்றோர் அதிர்வெண்ணில் 40 ஓம் எனக் கொள்வோம். மூலத்தின் மின்மறுப்பு 10 ஓம் எனில், முதலாவது அதிர்வெண்ணில் 8/18 பங்கும், இரண்டாவதில் 40/50 பங்கும் மின்னழுத்தம் ஒலிப்பானை அடையும். இவற்றிற்கிடையே ஏறத்தாழ 5.1 டெசிபெல் வேறுபாடு தோன்றும். மூலத்தின் மின்மறுப்பு 1 ஓம் எனில், இவ்வேறுபாடு ஏறத்தாழ 0.8 டெசிபெலாகச் சுருங்கும். அதாவது, ஒரே ஒலிப்பான் இரு மூலக்கருவிகளில் இரு வேறு கருவிகளைப் போல ஒலிக்கும். இதனைத் தவிர்க்க, மூலத்தின் மின்மறுப்பு ஒலிப்பானின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாதிருக்க வேண்டும் என்பது வழக்கிலுள்ள விதி.

மின்கம்பியை மாற்றினால் ஒலி மாறுகிறது என்ற கூற்றையும் இவ்வாறே ஆராயலாம். கம்பியின் மின்தடை மூலத்தின் மின்மறுப்போடு கூடுகிறது. மின்மறுப்பு மாறுபடும் ஒலிப்பானில் இது சிறு வேறுபாட்டை ஏற்படுத்தலாம். மின்மறுப்பு மாறாத ஒலிப்பானில் ஒலியளவு மட்டுமே சற்று மாறும்.

4. பெயர் மறைத்தல்

கருவியின் விலையும் பெயரும் தெரிந்தால் எதிர்பார்ப்பு உருவாகிறது. எதிர்பார்ப்பு கேட்கப்படும் ஒலியையே மாற்றி உணர்த்தும். இதனை நீக்கப் பெயர் மறைத்த சோதனைகள் நடத்தப்படுகின்றன. ஏ.பி.எக்ஸ். சோதனையில் அ, ஆ என்ற இரு ஒலிகளோடு, இவ்விரண்டில் ஒன்றான அறியப்படாத மூன்றாவது ஒலியும் தரப்படும். அது எது எனக் கேட்பவர் கூற வேண்டும். 16 முறையில் 12 முறை அல்லது அதற்கு மேல் வெறும் ஊகத்தால் சரியாகக் கூறுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 3.8% மட்டுமே. எனவே அவ்வளவு சரியாகக் கூறியவர் உண்மையாகவே வேறுபாட்டைக் கேட்டிருக்கிறார் எனக் கருதலாம்.

செவியுள் ஒலிப்பான்களில் இச்சோதனையை நேரடியாக நடத்துவது கடினம். காதில் அணிந்தவுடனேயே எடையும் வடிவமும் கருவியைக் காட்டிக்கொடுக்கும். ஒன்றைக் கழற்றி மற்றொன்றை அணியும் நேரத்தில், முன்பு கேட்ட ஒலியின் நுட்பமான நினைவும் மங்கிவிடும். இதற்குத் தீர்வாக ஹார்மன் குழுவினர், ஒரே கருவியை மின்னணு முறையில் சமன்செய்து (ஈக்குவலைசர்) மற்றக் கருவிகளின் துலங்கலைப் போல ஒலிக்கச் செய்தனர். இதனால் கேட்பவர் எதையும் கழற்றாமலேயே பல கருவிகளின் ஒலிச்சமநிலையை உடனுக்குடன் மாற்றிக் கேட்க முடிந்தது.

விலையும் ஒலித்தரமும்

2017இல் ஜெரோன் பிரேபார்ட் வெளியிட்ட ஆய்வு, 283 தலையணி, செவியுள் கேட்பொறிகளின் அதிர்வெண் துலங்கலை அவற்றின் விற்பனை விலையோடு ஒப்பிட்டது. இரண்டிற்கும் இடையே தொடர்பு எதுவும் காணப்படவில்லை. கூடுதல் விலை கொடுப்பதால் இலக்குக்கு நெருக்கமான ஒலி கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பது இதன் பொருள்.

இதனால் உயர்விலைக் கருவிகள் யாவும் வீண் என்று கொள்ள இயலாது. உறுதியான கட்டமைப்பு, காதில் அமரும் இதம், புறஒலித் தடுப்பு, இரு பக்கங்களுக்கிடையேயான ஒப்புமை, பழுது பார்க்கும் வசதி ஆகியவை விலையோடு கூடலாம். தனிப்பயன் வார்ப்பிற்கான கைவேலையும் விலையில் அடங்கும். ஆனால் இவை ஒலிச்சமநிலையிலிருந்து வேறானவை என்பதால் தனித்தனியே மதிப்பிடப்பட வேண்டும்.

சில குறிப்பிடத்தக்க கருவிகள்

* எட்டிமோட்டிக் ஈ.ஆர்-4 (1991): ஒரே சமநிலைத் தண்டு ஒலியியக்கி. செவிக்குழாயில் மிக ஆழமாகச் செருகப்படுவது. புறஒலியைச் சிறப்பாகத் தடுக்கும். தாழ்வொலி மிகைப்படுத்தப்படாதது, உறுமலை விரும்புவோருக்கு மெலிந்து தோன்றும்.
* ஷூர் எஸ்.இ.846 (2013): நான்கு சமநிலைத் தண்டு ஒலியியக்கிகள். அடுக்கிய எஃகுத் தகடுகளில் வெட்டப்பட்ட நீண்ட பாதையின் வழியே தாழ்வொலி மட்டும் வடிகட்டப்படுகிறது. தாழ்வொலி நிறைந்த, இதமான ஒலி. மாற்றத்தக்க குழல் செருகிகளால் உயரொலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.
* காம்ப்ஃபயர் ஆடியோ ஆண்ட்ரோமெடா (2016): ஐந்து சமநிலைத் தண்டு ஒலியியக்கிகள். ஒளிர்வான உயரொலிக்காகப் பேசப்பட்டது. மூலத்தின் மின்மறுப்புக்கேற்ப ஒலிச்சமநிலை தெளிவாக மாறும். உணர்திறன் மிகுந்ததால் சில மூலக்கருவிகளில் பின்னணி இரைச்சலும் கேட்கும்.
* 64 ஆடியோ யு12டி (2018): பன்னிரண்டு சமநிலைத் தண்டு ஒலியியக்கிகள். மின்மறுப்பு அதிர்வெண்ணோடு அதிகம் மாறாதபடி அமைக்கப்பட்டதால், மூலத்தைப் பொறுத்து ஒலி மாறுவது குறைவு. காதினுள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் மாற்றத்தக்க செருகி உடையது. செறிவான தாழ்வொலியும் அடங்கிய மேல் இடையொலியும் கொண்டது.
* சென்ஹைசர் ஐ.இ.900 (2021): 7 மில்லிமீட்டர் விட்டமுடைய ஒரே இயங்குசுருள் ஒலியியக்கி. அலுமினியத்தில் குடைந்த உடல். உயர்ந்த தாழ்வொலியும் ஒளிர்வான உயரொலியும் கொண்டது. வெளியானபோது விலை ஏறத்தாழ 1,300 டாலர்.
* 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ (2022): ஒரே இயங்குசுருள் ஒலியியக்கி. ஏறத்தாழ 20 டாலர் விலையில் ஹார்மன் இலக்கை ஒட்டிய துலங்கலைத் தந்ததால் கவனம் பெற்றது.

பன்னிரண்டு ஒலியியக்கிகளைக் கொண்ட கருவியும், ஒன்றே ஒன்றைக் கொண்ட கருவியும் உயர்விலை வரிசையில் அருகருகே உள்ளன என்பதை இப்பட்டியலில் காணலாம்.

ஒப்பீட்டின் எல்லைகள்

'விசாலமான ஒலிமேடை', 'நுணுக்கம்', 'கருவிகளின் பிரிப்பு' போன்ற சொற்கள் மதிப்புரைகளில் மிகுதியாக வழங்குகின்றன. இவற்றுக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அளவுகோல் இல்லை. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அறியக் காதுமடலின் மடிப்புகள் உதவுகின்றன. செவியுள் ஒலிப்பான் காதுமடலைக் கடந்து உள்ளே ஒலிப்பதால் இக்குறிப்புகள் கிடைப்பதில்லை. எனவே விசாலம் என்று உணரப்படுவது பெரும்பாலும் ஒலிப்பதிவிலிருந்தும், மேல் இடையொலி, உயரொலிப் பகுதிகளின் சமநிலையிலிருந்தும் எழுவதாகும்.

ஒரு கருவியைப் பல நாட்கள் கேட்டால் அதன் குறைகள் மறைவதாகத் தோன்றும். கேட்பவர் அதன் ஒலிக்குப் பழகிவிடுவது இதற்கு ஒரு காரணம் ஆகும். பிறர் எழுதும் மதிப்புரைகளும் அவர்களின் செவிக்குழாய், வயது, பழக்கம் ஆகியவற்றிற்கு உட்பட்டவை. ஆகவே மதிப்புரையாளரின் தீர்ப்பைவிட, அவர் தாமே நன்கு அறிந்த வேறு கருவியோடு ஒப்பிட்டுக் கூறும் வேறுபாடுகளே வாசகருக்குக் கூடுதல் பயன் தரும்.

செவித்திறன் பாதுகாப்பு

ஒப்பீடு செய்வோர் ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப, ஒலியளவைக் கூட்டிக் கூட்டிக் கேட்பது வழக்கம். உலகச் சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் வெளியிட்ட தரநிலைப்படி, வயதுவந்தோர் வாரத்திற்கு 80 டெசிபெல் அளவில் 40 மணிநேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அதன்படி 83 டெசிபெலில் 20 மணிநேரமும், 86 டெசிபெலில் 10 மணிநேரமும், 89 டெசிபெலில் 5 மணிநேரமும் மட்டுமே உண்டு. சிறுவர்களுக்கான வரம்பு 75 டெசிபெலில் 40 மணிநேரம் ஆகும்.

நல்ல அடைப்புள்ள ஒலிப்பான் பேருந்திலும் தொடர்வண்டியிலும் புறஇரைச்சலைத் தடுப்பதால், குறைந்த ஒலியளவிலேயே இசையைக் கேட்க முடிகிறது. ஆயினும் சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இதே தடுப்பு ஆபத்தாகும். உள்காதின் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. உயர் அதிர்வெண்களே முதலில் கேளாமற்போகும். அப்பகுதியை இழந்தவருக்கு 20 டாலர் கருவியின் உயரொலிக்கும் 2,000 டாலர் கருவியின் உயரொலிக்கும் வேறுபாடு இராது.

இவற்றையும் பார்க்கவும்

* ஒலியியல்
* செவிப்பறை
* டெசிபெல்
* ஒத்ததிர்வு
* மின்மறுப்பு
* காதுகேட்புக் கருவி